‘செய்யப்பட வேண்டும்’: செய்ய வேண்டியவர் யார்?

ஆங்கில அலுவலகத் தாள் எதை எடுத்தாலும் ‘டு பி பெய்ட்’, ‘டு பி ரிட்டர்ன்ட்’, ‘டு பி சப்மிட்டட்’ என்னும் தொடர்களைக் காணலாம். ‘டு பி’ என்ற இரு சிறு சொற்களின் பின்னே இறந்தகால வினை வடிவம் ஒன்றை வைத்துவிட்டால் போதும். அது கட்டளையாகவும் நிற்கும், எதிர்கால அறிவிப்பாகவும் நிற்கும், தகுதி உரைப்பதாகவும் நிற்கும். அம்மொழிக்கு அது பெரிதும் உதவும் கருவி. அதனைத் தமிழாக்க முற்படுவோரின் கையோ, சிந்திக்கச் சற்றும் நில்லாமல், ‘-ப்பட வேண்டும்’ என்று எழுதிவிடுகிறது. ‘கட்டணம் மார்ச் 31ஆம் நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும்’. ‘விண்ணப்பம் பூர்த்தி செய்யப்பட வேண்டும்’. ‘நூல்கள் திருப்பி அளிக்கப்பட வேண்டும்.’ கல்லூரி அறிவிப்புப் பலகையிலிருந்து பேரூராட்சிச் சுவரொட்டி வரை இதுவே நடை. இந்நடையால் தமிழின் இனிமை குன்றுகிறது என்று வருந்துவோர் உளர். இனிமை குன்றுவது சிறிய இழப்பே. ஒரு கடமையைச் சொல்லும் வாக்கியத்திலிருந்து அக்கடமைக்கு உரியவர் நழுவிவிடுகிறார். அஃதே பேரிழப்பு என்பது என் கருத்து.

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். ஆங்கில எச்சத்திற்குச் செய்வினை வடிவம் வேறு, செயப்பாட்டு வினை வடிவம் வேறு. தமிழின் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் இரண்டுக்கும் பொது. ‘படிக்க வேண்டிய நூல்’ என்கிறோம். நூல் எதையும் படிக்கப் போவதில்லை. நாம்தாம் அதனைப் படிக்க வேண்டும். ஆயினும் கேட்பவர் எவரும் மயங்குவதில்லை. பெயரெச்சமும் இவ்வாறே. ‘அறுத்த நெல்’, ‘வறுத்த கடலை’, ‘கட்டிய வீடு’ என்றால் நெல் அறுத்தது என்றோ, கடலை வறுத்தது என்றோ சிறு குழந்தையும் எண்ணாது. வினைத்தொகையில் இப்பண்பு இன்னும் சுருங்கி நிற்கிறது: ‘குடிநீர்’ என்பதில் நீர் குடிப்பதில்லை; ‘சுடுமண்’ என்பதில் மண் சுடுவதில்லை. ஆங்கிலம் ‘டு பி’ சேர்த்துப் பெறும் பொருளைத் தமிழ் எச்சம் தன்னுள்ளேயே கொண்டிருக்கும்போது, ‘படிக்கப்பட வேண்டிய நூல்’ என்று எழுதுவது குடைக்குள் நின்று மற்றொரு குடை பிடிப்பதற்கு ஒப்பாகும்.

கிணத்துக்கடவு தினசரிச் சந்தையில் விடியற்காலையில் தக்காளிப் பெட்டிகளோடு வந்து நிற்கும் உழவர்களின் பேச்சைக் கேட்டால் இவ்வுண்மை விளங்கும். ‘பறிச்சாச்சுங்க’, ‘பெட்டி கட்டியாச்சுங்க’, ‘ஏலம் போயிருச்சுங்க’, ‘வெல படியலீங்க’. பறித்தல், கட்டல், ஏலம் விடல் ஆகிய அனைத்தையும் யாரோ ஒருவர் செய்ய, பொருள் அச்செயலைப் பெறுகிறது. எனினும் ‘தக்காளி பறிக்கப்பட்டது’ என்று அங்கே ஒருவரும் சொல்லார். சொன்னால், எந்த அலுவலகத்திலிருந்து வந்தவரோ என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பர்! ‘ஆயிற்று’, ‘போயிற்று’ என்னும் துணைவினைகளே அவர்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

இது பாமரர் பேச்சு என்று ஒதுக்குதல் தகாது. செயலை ஏற்கும் பொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கை மரபு என்று தொல்காப்பியர் வினையியலில் ஒப்புகிறார். திண்ணையை ஒருவர் மெழுகியிருக்க, திண்ணையே மெழுகியது போலச் சொல்வதை உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டாக வைத்தனர். 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல், திராவிட மொழிகளுக்கு ஆங்கிலத்திற்கும் இலத்தீனுக்கும் உள்ளது போன்ற தனிச் செயப்பாட்டு வடிவம் இல்லை என்று கருதினார். அதற்காகப் ‘படு’ என்பதே அயற்சரக்கு என்று சில தனித்தமிழன்பர்கள் வாதிடுவது எனக்கு உடன்பாடன்று. வள்ளுவர் 50ஆம் குறளிலும் 388ஆம் குறளிலும் ‘வைக்கப்படும்’ என்றே முடிக்கிறார். ‘உண்’ என்னும் துணைவினையும் நமக்கு உண்டு: ‘கோவலன் கொலையுண்டான்’, ‘அவன் கட்டுண்டான்.’ செயலை ஏற்றவர் மீதே நம் கண் நிற்க வேண்டிய இடங்களில் இவ்வடிவங்கள் முற்றிலும் பொருந்தும். ‘விடுதலைப் போரில் ஆயிரக்கணக்கானோர் சிறையில் அடைக்கப்பட்டனர்’ என்பதில் குறை காண ஒன்றுமில்லை. ஆகவே நம் வழக்கு ‘படு’ என்னும் சொல்லோடு அன்று. ஆங்கிலத் தொடர் வந்த இடமெல்லாம் கேள்வியின்றி அதனை நிறுத்தும் சோம்பலோடுதான்.

அச்சோம்பல் இல்லாதவர்களும் நம்மிடையே இருந்தனர். வார இதழ்களில் தொடர்கதையின் ஒரு பகுதி முடியும் இடத்தில் ஆங்கில ஏடுகள் ‘டு பி கன்டின்யூட்’ என்று போடும். நம் இதழாசிரியர்கள் ‘தொடரப்படும்’ என்று எழுதினார்களில்லை. ‘தொடரும்’ என்றனர், ‘வளரும்’ என்றனர். ஒரே சொல்லில் வேலை முடிந்தது! ‘நோவேர் டு பி சீன்’ என்பதற்கு ‘எங்கும் காணோம்’ என்றும், ‘ரிமெய்ன்ஸ் டு பி சீன்’ என்பதற்குப் ‘பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்’ என்றும் நம்மிடம் வழக்கு உண்டு. ‘பாராட்டப்பட வேண்டியவர்’ என்பதைவிடப் ‘பாராட்டுக்குரியவர்’ தெளிவானது. ‘இவ்வீடு வாடகைக்கு விடப்படும்’ என்று பலகை எழுதுவோர் ‘வீடு வாடகைக்கு’ என்று எழுதினால் பெயிண்ட்டும் மிச்சமாகும்.

நம் கல்லூரி மாணவருள் மதரஸாவில் சர்ஃப், நஹ்வு பயின்றோர் உளர். அவர்களுக்கு இச்செய்தியை எளிதில் விளக்கலாம். அரபு இலக்கணத்தார் செய்வினையை மஃரூஃப், அதாவது ‘அறிந்தது’ என்பர்; செயப்பாட்டு வினையை மஜ்ஹூல், அதாவது ‘அறியாதது’ என்பர். மஜ்ஹூல் வாக்கியத்தில் எழுவாயின் இடத்தில் வந்து அமரும் செயப்படுபொருளுக்கு நாயிபுல் ஃபாயில் என்று பெயர். செய்பவனின் பதிலாள் என்பது பொருள். பதிலாள் வந்து அமர்ந்தபின் உரியவர் அவ்வாக்கியத்தில் தலைகாட்டுவதில்லை. அவரைச் சொல்ல வேண்டுமாயின் மஃரூஃபையே ஆளுதல் அம்மொழியின் பழைய ஒழுங்கு. நோன்பைக் கடமையாக்கிய இறைவசனத்தை (2:183) நினைவு கூர்க. அங்கே ‘குதிப’ என்பது மஜ்ஹூல் வினை. விதித்தவன் யார் என்பதில் நம்பிக்கையாளர் எவருக்கும் ஐயம் இல்லையாதலால் அவன் பெயரை அங்கே சொல்லத் தேவையில்லை. ஆனால் அவ்வசனம் நம்பிக்கை கொண்டோரை விளித்தே தொடங்குகிறது. நோன்பு யார் மீது கடமை என்பதையும் ‘உங்கள் மீது’ என்று அவ்வினையை அடுத்தே சொல்லிவிடுகிறது. விதித்தவனின் பெயர் மறையலாம். நோற்க வேண்டியவர் மறையவில்லை. நம் அறிவிப்புகளில் மறைபவரோ செய்ய வேண்டியவரே.

ஊர்ப் பெரியவர்கள் இதனைப் பண்டிதர் சண்டை என்று எண்ணலாகாது. தீர்மானப் புத்தகத்தில் ‘கபரஸ்தானின் சுற்றுச்சுவர் விரைவில் பழுது பார்க்கப்பட வேண்டும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கலைந்த கூட்டங்கள் எத்தனை! அடுத்த ஆண்டும் அதே தீர்மானம், அதே கையொப்பங்கள், சுவரோ இன்னும் சற்றுச் சரிந்திருக்கும். வக்ஃபுச் சாசனம் ஒன்றில் ‘தோப்பின் வருவாய் ஏழை மாணவர் கல்விக்குச் செலவிடப்பட வேண்டும்’ என்று இருப்பதாகக் கொள்வோம். சாசனம் எழுதிய கொடையாளரின் மனத்தில் செலவிட வேண்டியவர் யார் என்பது தெளிவாக இருந்திருக்கும். அவருக்குப் பின் மூன்றாம் தலைமுறையில், கேட்க வந்த மாணவனுக்கு யாரிடம் கேட்பது என்பது தெரியாது. 1995ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய வக்ஃபுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, முத்தவல்லியின் கடமைகளை முத்தவல்லியின் மீதே வைத்துச் சொன்னது. ‘டு பி’ தொடரைத் தன் விருப்பம்போல் ஆளும் ஆங்கிலமே, கடமை என்று வந்த இடத்தில் கடமையாளியைப் பெயர் சுட்டுகிறது என்பது கருதத்தக்கது.

சட்டத்திற்கும் ஆட்சிக்கும் பொதுநடை வேண்டும், ‘நான்’, ‘நீர்’ என்று அங்கே எழுத இயலாது என்பர் சிலர். மெய்தான். ஆனால் ‘வேண்டும்’ என்னும் சொல்லே பொதுநடைதானே? ‘கட்டணத்தை மார்ச் 31ஆம் நாளுக்குள் செலுத்த வேண்டும்’ என்பதில் யாருடைய பெயரும் இல்லை. ‘கட்டணத்தை’ என்று இரண்டாம் வேற்றுமை நின்றதும், செலுத்துவோர் யார் என்னும் வினா வாசகர் மனத்தில் தானே எழுகிறது. பெற்றோரா, மாணவரா என்று எழுதியவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள நேர்கிறது. ‘கட்டணம் செலுத்தப்பட வேண்டும்’ என்பதில் கட்டணமே எழுவாயாக அமர்ந்துவிட, வாக்கியம் நிறைவடைந்தது போன்ற ஒரு மயக்கம் உண்டாகிறது.

தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இல் நிறைவேறியது. அக்காலத்தில் கல்விக்கும் நிதிக்கும் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், நமக்கு அண்மையில் பொள்ளாச்சிப் பகுதியைச் சார்ந்த செங்குட்டைப்பாளையத்தவர். சட்டம் வந்த பின் கலைச்சொற்களுக்கு அகராதிகள் பல வந்தன. சொல்லுக்குச் சொல் கிடைத்தது. வாக்கிய அமைப்புக்கு அத்தகைய உழைப்பு கிட்டவில்லை. ஆங்கில வரைவை முன்னே வைத்துக்கொண்டு வரிக்கு வரி பெயர்த்த பழக்கமே இன்றும் நீடிக்கிறது.

தமிழ்த்துறைகள் இதில் ஒன்று செய்யலாம். பள்ளி நாள் தொட்டு நம் மாணவர்கள் ‘குயவன் பானையை வனைந்தான்’ என்பதைப் ‘பானை குயவனால் வனையப்பட்டது’ என்று மாற்றி மதிப்பெண் பெறுகின்றனர். மொழிபெயர்ப்புத் தாளில் இதற்கு எதிரான பயிற்சி ஒன்றையும் ஆசிரியர்கள் வைக்கலாம்: ஒரு பேரூராட்சி அறிவிப்பையோ, ஜமாஅத் தீர்மானத்தையோ, வங்கிப் படிவத்தையோ கொடுத்து, அதிலுள்ள ‘-ப்பட வேண்டும்’ ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டியவர் யார் என்று கண்டு, அவரை எழுவாயாக்கி மாணவர் திருப்பி எழுத வேண்டும். செய்ய வேண்டியவர் யார் என்று எந்தத் தொடரில் தெரியவில்லையோ, அதனை மாணவர் அடிக்கோடிட்டுத் தனியே காட்டட்டும். அந்த அடிக்கோடுகளுக்கும் மதிப்பெண் உண்டு என்பதைத் தேர்வுத் தாளிலேயே அச்சிட்டுவிடலாம்.