மாட்டுக்காரனுக்கும் ஒரு குளிர் அறிவித்தல்

மதிப்புக்குரிய திருகோணமலை மாவட்ட அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

மார்கழிக்கு முன்னரே தங்கள் கைக்குக் கிடைக்கவேண்டும் என்று எழுதும் மடல் இது. விடயம், குளிர்.

திருகோணமலையில் இருந்துகொண்டு குளிரைப் பற்றி மடலா என்று தங்கள் அலுவலகத்தில் இதை முதலில் பிரிப்பவர் சிரிக்கக்கூடும். சித்திரை வெயிலில் கூரைமேல் தாங்கியிலிருந்து இறங்கும் தண்ணீர் கையைச் சுடுகிற ஊர் இது. பனி உறைவதைப் பார்க்க விரும்பினால் தை மாதத்தில் நுவரெலியாவுக்கு பஸ் ஏறவேண்டும். ஆனாலும் 2022 டிசம்பரில் இந்த மாவட்டத்தில் குளிரால் சாவு விழுந்தது. செத்தவை மாடுகள் என்பதால் சீக்கிரம் மறந்துவிட்டோம்.

அந்த நாட்களை நினைவூட்டுகிறேன். வங்காள விரிகுடாவில் உருவான மாண்டஸ் புயல் எங்கள் கரைக்குக் கிழக்கே, கடலோடு கடலாக வடமேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 9 ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. புயல் எங்களை விட்டு விலகிப் போகிறது என்று பலரும் ஆறுதல்பட்ட வேளையில், அதன் சுழற்சி வடக்கேயிருந்து குளிர்ந்த காற்றை எங்கள் பக்கம் இழுத்து விட்டது. அதே காற்றோடு இந்தியாவின் புகைமாசும் வந்து சேர்ந்தது. 9 ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகளை மூடவேண்டியதாயிற்று. பிள்ளைகள் வீட்டில் போர்வைக்குள் இருந்தார்கள். மாடுகள் வெளியில் நின்றன. விடாத மழை, விடாத காற்று. விடியப் பட்டிக்குப் போனவர்கள் கால்களை மடக்கிப் படுத்தபடியே விறைத்துக் கிடந்த மாடுகளைக் கண்டார்கள். வடக்கிலும் கிழக்கிலுமாக ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் செத்தன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பலமாக அடிபட்டன. எங்கள் மாவட்டமும் தப்பவில்லை.

முதலில் யாரும் குளிரைச் சந்தேகிக்கவில்லை. ஏதோ நோய் என்றார்கள், புகை நஞ்சு என்றார்கள். பரிசோதனைகளின் பின்னர்தான் கடுங்குளிரே காரணம் என்று கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தினர் சொன்னார்கள். இதற்கிடையில் வடக்கு, கிழக்கிலிருந்து மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் வெளி மாகாணங்களுக்குப் போகக்கூடாது என்று அரசு தடை போட்டது. போட்டது சரிதான், குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் இறைச்சி தின்பவரைக் காப்பாற்றச் சில நாட்களுக்குள் கட்டளை பிறந்த நாட்டில், மாடு வளர்ப்பவருக்கு முதல் நாள் மாலையில் ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை. தாங்கள் கவனிக்கவேண்டும் என்று நான் கேட்பது அந்த முதல் நாள் மாலையைத்தான்.

தண்ணீர் உறையும் நிலைக்குக் கிட்டவும் போகாத ஒரு குளிரில் மாடு ஏன் சாகிறது? மாட்டின் அடுப்பு அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. முதல் இரைப்பையில் புல்லும் வைக்கோலும் நொதிக்கும்போது பிறக்கும் சூடுதான் இரவைக் கடத்துகிறது. அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பது உலர்ந்த மயிர். மயிர் நனைந்தால் பிடிமானம் போய்விடும். நனைந்த உடலில் காற்று அடித்தால் சூடு இன்னும் வேகமாகக் கழன்றுவிடும். வட அமெரிக்கக் கால்நடைக் கையேடுகள் ஒரு கணக்குத் தருகின்றன. அடர்ந்த மயிரோடு உலர்ந்து நிற்கும் மாடு சுழியத்துக்குக் கீழேயும் சில பாகை தாங்கும். அதே மாடு நனைந்துவிட்டால் 15 பாகை செல்சியசிலேயே தன் சூட்டைக் காக்கப் போராடத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கு அந்த நாட்டுத் தடித்த மாடுகளுக்கானது. எங்கள் நாட்டு மாடு வெயிலுக்கென்று வளர்ந்தது: குட்டை மயிர், மெல்லிய தோல், கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடி. அதற்கு அந்த எல்லை இன்னும் மேலேதான் இருக்கும். வயிறும் காலியாக இருந்தால் கன்று, கிழடு, சினை மாடு என்ற வரிசையில் விழும். வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவராது. மழை, காற்று, பசி மூன்றும் ஒரே இரவில் கூடுகின்றனவா என்று பார்க்க ஆள் வேண்டும்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் தூரத்துக் கதை; பொறுத்தருள்க. என் தங்கச்சி கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் இருக்கிறாள். அங்கே கடுங்குளிர் வரும்போது வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிடும். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும் என்பது பள்ளிப் பாடம். பாடத்தில் இல்லாத விடயம் ஒன்று உண்டு: குழாய் வெடிப்பது பெரும்பாலும் பனிக்கட்டி அடைத்த இடத்தில் அல்ல. அந்த அடைப்புக்கும் மூடியிருக்கும் பைப்புக்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீர் போக வழியின்றி நெருக்கி, குழாயைப் பிளக்கிறது. ஆகவே கடுங்குளிர் இரவில் பைப்பை நூல்போல ஒழுகவிடு என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரிக் கதவைத் திறந்து வை, வீட்டுச் சூடு குழாய்க்குப் போகட்டும். தோட்டத்துப் பைப்பில் பூட்டிய ஹோஸைக் கழற்று. வீட்டின் பிரதான வால்வு எங்கே என்று இப்போதே பார்த்து வை. உறைந்துபோனால் தலைமயிர் உலர்த்தியால் மெதுவாகச் சூடாக்கு, நெருப்புக் காட்டாதே. ஒழுகும் பைப்பைக் கண்டால் எழும்பிப் போய்ப் பூட்டும்படி அம்மா எங்களை வளர்த்தவர். அப்படி வளர்ந்தவள், இரவு முழுக்கப் பைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கச் சொல்கிறார்களே என்று முதல் குளிர்காலத்தில் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

ரொறன்ரோவில் 2015 பெப்ரவரி மிகக் கொடிய குளிர் மாதமாக இருந்தது. தெருவுக்கடியில் போகும் குழாய்களே உறைந்து, பல வீடுகளில் தண்ணீர் நின்றுபோயிற்று. அயல் வீட்டுப் பைப்பிலிருந்து ஹோஸ் இழுத்து அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கும் தற்காலிக ஏற்பாட்டை மாநகரமே செய்தது. அங்கேயும் எல்லாம் சரியாக நடந்ததாகச் சொல்லவரவில்லை. தண்ணீருக்காகக் காத்துச் சலித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் குளிர் என்றால் என்ன செய்யவேண்டும் என்பது அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறது.

சொல்லப்படாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சஸ் சாட்சி. 2021 பெப்ரவரியில் அங்கே வந்த குளிர் கனடாக்காரருக்குச் சாதாரணம். ஆனால் டெக்சஸ் வெப்ப ஊர். அங்கே பல வீடுகளில் குழாய்கள் கூரைக்குக் கீழே, எந்தப் போர்வையும் இல்லாமல் ஓடுகின்றன. மின்சாரம் போனது, வீடுகள் குளிர்ந்தன, குழாய்கள் வரிசையாக வெடித்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் நிலைக்கு வந்தார்கள். மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். குளிர் பழகாத ஊரில்தான் குளிர் பெரிய கேடு செய்கிறது. டெக்சஸில் குழாய் எப்படியோ, எங்கள் மாவட்டத்தில் மாடு அப்படி.

எங்களுக்கு அறிவித்தல் என்பதே தெரியாது என்று சொல்லமுடியாது. கொட்டியாரக் குடாவிலும் குச்சவெளியிலும் கடற்றொழிலாளருக்கு வரும் அறிவித்தல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! கடலுக்குப் போகாதே, போனவர் திரும்பு, வள்ளத்தைக் கரையேற்று. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. அதற்கு முன்னரே வள்ளங்கள் மேலே ஏற்றப்பட்டிருந்ததைப் பார்த்தவன் நான். வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னதைக் கரையில் நிற்பவன் தன் கை செய்யவேண்டிய வேலையாக விளங்கிக்கொள்கிறான். அதே அறிக்கை மாட்டுக்காரனிடம் வரும்போது இத்தனை மில்லிமீற்றர் மழை, மணிக்கு இத்தனை கிலோமீற்றர் காற்று என்ற எண்களாக நின்றுவிடுகிறது. தன் கன்றை என்ன செய்வது என்பதை அதிலிருந்து அவன் எப்படி எடுப்பான்?

இன்னொன்றையும் தாங்கள் கணக்கில் எடுக்கவேண்டும். எங்கள் புயல்காலமும் பெரும்போகமும் ஒன்றாக வருகின்றன. ஐப்பசியில் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூரிலும் வயல் விதைத்துவிட்டால் மாட்டுக்கு ஊருக்குள் இடமில்லை. பயிரைத் தின்றால் வழக்கு, சண்டை. ஆகவே பட்டிகளைக் காட்டோரத்துக்கு ஓட்டிப்போகிறார்கள். காட்டோரத்தில் நின்றால் இது ஒதுக்கக்காடு என்று திணைக்களங்கள் துரத்துகின்றன. இப்படி ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் காடு, நடுவில் வெள்ளம் தேங்கும் வெளி; அதில்தான் மாடு மார்கழி மழையை நின்று வாங்குகிறது. ஊரில் இருந்திருந்தால் ஒரு மாட்டுக் கொட்டிலாவது, ஒரு மரமாவது கிடைத்திருக்கும். 2022 இல் செத்த மாடுகளைக் குளிர் கொன்றது உண்மை. அவற்றைக் குளிருக்குள் கொண்டுபோய் நிறுத்தியது மேய்ச்சல் தரை இல்லாத குறை. பல வருடமாகப் பேசப்படும் அந்தப் பிரச்சினையைத் தாங்கள் ஒரு மடலுக்காகத் தீர்த்துவிடுவீர்கள் என்று நம்பும் வயது எனக்குப் போய்விட்டது. ஆனால் பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒன்றாக, மழைக்காலத்து அபாய இரவுகளுக்கு மட்டும் மாடு ஏற்றக்கூடிய மேட்டுநிலங்களை அடையாளம் காட்டி, அந்த இரவுகளில் வனத் திணைக்களம் கண்டுகொள்ளாமல் விடும்படி தங்கள் மேசையில் ஓர் உடன்பாடு எழுத முடியும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

அறிவித்தலை நானே எழுதிப் பார்த்தேன். "நாளை இரவு மழையும் குளிர்காற்றும் சேர்ந்து வரும். கன்று, கிழட்டு மாடு, சினை மாடு மூன்றையும் பொழுது படமுன் மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். வடக்குப் பக்கம் தறப்பாளோ கிடுகோ கட்டி மறையுங்கள். இருட்டுமுன் வயிறு நிறைய வைக்கோல் போடுங்கள். நனைந்த கன்றைச் சாக்கால் துடைத்து உலர்த்துங்கள்." இவ்வளவுதான். தமிழிலும் சிங்களத்திலும் போகவேண்டும். கோமரங்கடவலவிலும் சேருவிலவிலும் மாடு வைத்திருப்பவர் வேறு குளிரில் இல்லை. தொலைபேசிக் குறுஞ்செய்தி காட்டோரத்துக்கு எட்டாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் ஒலிபெருக்கியும் எட்டும் தூரம் அதைவிடக் கூட. கிராம உத்தியோகத்தரிடம் எந்தப் பட்டி எங்கே நிற்கிறது என்று ஒரு பட்டியல் இருந்தால் ஒரு பொடியனை மோட்டார் சைக்கிளில் அனுப்பலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆம் இலக்கத்துக்கு ஒருவர் அழைத்து "மாடு நடுங்குது" என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் அதைக் கால்நடை வைத்தியருக்குக் கொடுக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும்.

வைக்கோலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு வயிறெரிகிற இடம் அது. சிறுபோக அறுவடை முடிந்ததும் ஆவணியில் வயல்வெளியில் புகை எழும்புகிறது. இயந்திரம் அறுத்துத் தள்ளிய வைக்கோலை அள்ளுவதற்கு ஆளில்லை, கூலி கட்டாது, கொளுத்துகிறார்கள். நான்கு மாதம் கழித்து அதே வெளியின் ஓரத்தில் மாடு வெறும் வயிற்றோடு நிற்கிறது. சுருட்டிக் கட்டும் இயந்திரங்கள் நாட்டில் இருக்கின்றன. கமநல சேவை நிலையங்கள் ஊடாக ஒரு பிரிவுக்கு ஒன்றை வாடகைக்கு விட்டு, கட்டிய வைக்கோலை உயரமான இடத்தில் மூடிவைத்தால் அபாய இரவுக்கு முன் இரண்டு நாள் தீனி கையில் இருக்கும். தீனி தின்று சில மணி நேரம் கழித்துத்தான் வயிற்றில் சூடு ஏறும். ஆகவே நடுங்கத் தொடங்கிய பிறகு வைக்கோல் தேடி ஓடுவதில் பலனில்லை.

மாடு செத்தபின் செய்யவேண்டியதையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெள்ளக்காலத்தில் குழி தோண்டினால் ஒரு முழத்திலேயே தண்ணீர் ஊறுகிறது. பிணத்தைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் கிட்டப் புதைத்தால் அடுத்த கேடு மனிதர் குடிக்கும் தண்ணீருக்குத்தான். எங்கே புதைப்பது, எவ்வளவு ஆழம், கிணற்றுக்குக் குளோரின் யார் போடுவது என்பதை அன்று பிணத்தை வைத்துக்கொண்டு விசாரிக்க வைக்காதீர்கள்.

2022 எப்படிப்பட்ட வருடம் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தீன் விலை, மருந்து விலை, எல்லாம் எட்டாத உயரத்தில் நின்ற வருடம். கிண்ணியாவிலும் மூதூரிலும் சட்டித் தயிர் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் வீட்டில் நான்கு மாடு செத்தால், வங்கியில் வைத்த காசு ஓர் இரவில் காணாமற் போனதற்குச் சமம். அந்த வாயில்லாச் சீவன்களுக்கு இழப்பீடு கேட்டு இந்த மடலை எழுதவில்லை. அது வேறு மடல், அதைப் பண்ணையாளர் சங்கங்கள் எழுதட்டும்.

வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் தங்கள் தலைமையில் மாவட்ட அனர்த்த முன்னாயத்தக் கூட்டம் கூடும். கடற்படை, பொலிஸ், நீர்ப்பாசனம், மின்சார சபை எல்லோரும் வந்து அமர்வார்கள். அந்த மேசையில் கால்நடை வைத்தியர்களுக்கு ஒரு நாற்காலியும், நிகழ்ச்சி நிரலில் "குளிர்" என்று ஒரு வரியும் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பட்டிப் பட்டியல் எடுக்க ஆள் போதாது என்று சொன்னால், தம்பலகாமம் பக்கத்துப் பட்டிகளை நானும் என் பழைய மாணவர் சிலரும் எழுதித் தருகிறோம்.

இங்ஙனம்,
தம்பலகாமத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்