புற்றுநோய்: விதியா, வினையா?

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் கடையநல்லூரிலும் பீடித்தட்டு இல்லாத தெருவைக் காண்பது அரிது. கைத்தறி நலிந்தபின் எத்தனையோ இல்லங்களில் உலை கொதித்தது அத்தட்டினால்தான். ஆயினும் அப்பீடியைப் புகைப்பவர் உடலில் நிகழ்வது யாதெனப் பேச நாம் தயங்குகிறோம். பேசினால் பிழைப்பைப் பழித்ததாகும் என்னும் அச்சம் ஒருபுறம். புற்றுநோய் என்றாலே ‘தலையெழுத்து’ என்று வாய்மூடும் வழக்கம் மறுபுறம். பின்னதை முதலில் மறுக்க விரும்புகிறோம்.

தாமிரவருணிக் கால்வாய்களில் மடை திறத்தற்கும் அடைத்தற்கும் முறை உண்டு. நம் உயிரணுக்களிலும் அவ்வாறே. ‘பெருகுக’ என ஏவும் மரபணுக்கள் சில. ‘போதும், நில்’ எனத் தடுப்பன சில. முன்னவை திரிந்தால் திறந்த மடை மூடாது. பின்னவை கெட்டால் மூடுவாரே இலர். ஒரே மாற்றத்தால் நோய் முற்றுவது அரிது. பெரும்பாலும் ஓர் உயிரணுவின் வழிவந்தவற்றில் பல மாற்றங்கள், பல ஆண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. அவற்றுட் சில பிறப்பிலேயே வருவன. சில உயிரணு பிரியுங்கால் தற்செயலாய் நேர்வன. ஆதலின் நோயுற்றாரையெல்லாம் குற்றவாளியாக்குதல் அறமன்று.

ஆனால் புகையின் கதை வேறு. ‘நில்’ என்னும் மரபணுக்களுள் தலையாயது பி53. நுரையீரற் புற்றில் அது எவ்விடங்களில் மிகுதியும் பழுதுபடுகிறதோ, அவ்விடங்களிலேயே புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீனின் விளைபொருள் சென்று ஒட்டுவதை 1996இல் ஆய்வாளர் காட்டினர். இதன்பின்னும் விதியைப் பழிப்பது எங்ஙனம்?

‘புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்’ என்பாரும் உளர். பாக்கும் புற்றுநோய் தருவதே எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்டது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தைக் குறைகூறினால் பெரியவர்கள் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும்.

பீடித்தட்டை நாளையே கவிழ்த்துவிடுக என்பது நம் கருத்தன்று. மாற்றுத் தொழில் காட்டாது அவ்வாறு சொல்வோர் பசி அறியாதார். மாற்றம் சேர ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகளே நமக்கு வாய்ப்பு. அவற்றை நாணத்தாலும், பெண்ணின் திருமணம் தடைப்படுமே என்னும் கவலையாலும் வீணாக்குகிறோம். தொற்றிவிடும் என்றஞ்சி நோயாளியின் உண்கலத்தைத் தனியே வைக்கும் கொடுமையும் உண்டு. ஒருவரோடு உண்பதால் இந்நோய் தொற்றுவதில்லை.

வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ இரு வாரத்திற்குமேல் நீடித்தால் ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காட்டுக என்னும் ஒரு வரி, பீடி விற்கும் கடைதோறும் தொங்குதல் வேண்டும். அதனை எவர்க்கும் விளங்கும் தமிழில் எழுதித் தருவது நம் மாணவர்க்கு ஒரு பிற்பகல் வேலை.