சான்றிதழ் போதாது, தரவு வேண்டும்

2019 செப்டம்பரில் நிலவில் மோதி நொறுங்கிய, சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டரின் சிதறலைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா வெளியிட்ட பழைய படத்தையும் புதிய படத்தையும் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்தார். டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்தது.

இப்படி மாற்றம் தேடுவது செயற்கை நுண்ணறிவுக்கு ஏற்ற வேலை. சந்திரயான்-2, ஆதித்யா-எல்1 தரவுகளை இஸ்ரோ பொதுவில் வைத்திருக்கிறது. அலசிப் பார்க்கத்தான் ஆள் போதாது. இன்டர்ன்ஷிப் மாணவர்களை இதில் இறக்கலாமே! ஆனால், பயிற்சி என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது சில காணொளி வகுப்புகளும் ஒரு சான்றிதழும்தான். மாணவரிடமே கட்டணம் வாங்கும் கூத்தும் உண்டு.

இதற்கு மாறாக, அமெரிக்காவின் ஃபிரான்டியர் டெவலப்மென்ட் லேப் 2016 முதல் விண்வெளி ஆய்வாளர்களையும் இயந்திரக் கற்றல் தெரிந்த இளைஞர்களையும் ஒரே குழுவாக்கி, கோடையில் எட்டு வாரம் வேலை வாங்குகிறது. இந்தச் சேர்க்கை முக்கியம். ஒளி விழும் திசையைப் பொறுத்து நிலவுப் படத்தில் பள்ளம் மேடாகத் தெரியலாம். நிரல் மட்டும் தெரிந்த மாணவர் அதை அப்படியே கணினிக்குக் கற்றுக்கொடுத்துவிடுவார். பக்கத்தில் ஒரு நிலவியலாளர் இருந்தால் முதல் நாளே திருத்துவார்.

இஸ்ரோவும், தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸும், தனியார் விண்வெளி நிறுவனங்களும் பயிற்சி இடங்களை அறிவிக்கும்போதே ஆய்வுக் கேள்வி, தரவு, வழிகாட்டி, உதவித்தொகை நான்கையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். பெங்களூரு வாடகையைக் கையிலிருந்து கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் விண்வெளி திறந்திருப்பது நியாயமல்ல.