புது வீட்டில் அப்பா ஏன் தூங்குவதில்லை?

நெய்வேலியில் முப்பது வருஷம், முப்பத்தைந்து வருஷம் என்று டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலேயே வாழ்ந்து பழகிய குடும்பங்கள் ஏராளம். 1956-ல் நிலக்கரிக் கம்பெனி உருவாகி, அதையொட்டி எழும்பிய ஊர் அது. அகலமான ரோடு, வட்டம் வட்டமாக வீடுகள், கொல்லையில் பலாவோ முருங்கையோ. எல்லாம் சரி, ஆனால் வீடு கம்பெனியுடையது. ரிடையரானால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வடலூரிலோ இந்திரா நகரிலோ முன்கூட்டியே வீடு கட்டிக்கொண்டவர்கள் பக்கத்திலேயே தங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள்.

போய் இரண்டு மாதம் ஆவதற்குள் பிள்ளைகளின் புலம்பல் ஆரம்பமாகிவிடும். "அப்பா ராத்திரி தூங்கறதே இல்லை. லிஃப்ட் சத்தம் கேட்டாக்கூட எழுந்து உட்கார்ந்துடறார். எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழறார். மறதி வேற. வயசாயிடுச்சு, என்ன பண்றது?"

அந்தக் கடைசி வரியைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். சுரங்கத்தில் ராட்சச இயந்திரங்களும் கன்வேயர் பெல்ட்டும் போடும் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்த மனிதர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, பட்டப்பகலில், தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போதே குறட்டை விட்டவர். அவருக்கா லிஃப்ட் சத்தம் பெரிசு? சத்தம் பெரிசாக இருப்பதல்ல விஷயம். அது அவருக்குப் புதிசு, அவ்வளவுதான்.

மூளை புதிசாக எது வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: 'என்ன அது?' ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் இந்த அனிச்சைச் செயலுக்கே 'என்ன அது?' என்றுதான் பெயர் வைத்தார். தலை திரும்பும், கண்ணின் பாவை விரியும், செய்துகொண்டிருந்த வேலை ஒரு கணம் நிற்கும். நாம் நினைப்பதுபோல் இதயம் உடனே படபடப்பதில்லை. அந்த முதல் கணத்தில் துடிப்பு சற்றே மெதுவாகிறது! படபடப்பு, வியர்வை எல்லாம் அந்தக் கேள்விக்கு 'ஆபத்து' என்று பதில் வந்தால்தான். ஆபத்தில்லை என்று பதில் வந்து, அதே சமாசாரம் பத்து தரம், இருபது தரம் திரும்ப வந்தால் மூளை அதைக் கேட்பதையே விட்டுவிடும்.

பாவ்லோவுக்குப் பின் வந்த சோகொலோவ் என்ற ரஷ்யர் இதற்கு ஓர் அழகான விளக்கம் சொன்னார். பழகிய சூழலைப் பற்றி மூளை தனக்குள் ஒரு நகல் எழுதி வைத்துக்கொள்கிறதாம். வெளியே நடப்பது நகலோடு ஒத்துப்போனால் பேசாமல் இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் விழித்துக்கொள்ளும். நடுராத்திரியில் கரண்ட் போய் ஃபேன் நின்றதும் நீங்கள் விழித்துக்கொள்வதில்லையா? அங்கே புதுச் சத்தம் எதுவும் வரவில்லை. பழைய சத்தம் காணாமல் போயிற்று. அதுவே போதும்.

நெய்வேலியிலிருந்து கிளம்பியவருக்கு ஒரு ஃபேன் மட்டுமா நின்றது? பால்காரரின் மணி, ஷிப்ட் பஸ், வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போகும் பாதை, எதிர்வீட்டுக்காரரின் இருமல் உட்பட நகல் முழுவதும் ஒரே நாளில் பொய்யாகிவிட்டது. ஒரே சமயத்தில் ஆயிரம் 'என்ன அது?' ராத்திரி தூக்கம் கெட்டால் பகலில் எரிச்சல் வரும், சொன்னது மனசில் நிற்காது. பாதி மறதிக்குக் காரணம் இதுதான். இளவயசுக்காரர்களும் இதற்கு விலக்கில்லை. புது இடத்தில் முதல் ராத்திரி தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றப் பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்காமல் காவல் காப்பதை 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் பாசமுள்ள பிள்ளைகள் செய்வது என்ன? "நீங்க ஏம்ப்பா சிரமப்படறீங்க? உள்ளயே உட்காருங்க, டி.வி. பாருங்க" என்று சொல்லி, கடைக்குப் போவது, பில் கட்டுவது எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், மரியாதையோடு செய்யும் கெடுதல் இது. நாலு சுவருக்குள் உட்கார்ந்தால் வெளியே இருக்கும் எதுவுமே பழையதாக மாறாது. வருஷம் ஆனாலும் புதிசாகவே இருக்கும். மாறாக, தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரே காய்கறிக் கடைக்கு அவர் நடக்கட்டும். முதல் வாரம் கூடப் போங்கள். அப்புறம் தனியே விடுங்கள். அம்மாவுக்கும் இதேதான். மருமகளின் சமையலறையில் கடுகு டப்பா எங்கே என்று தினமும் கேட்க வைப்பதைவிட, ஓர் அலமாரியை அவர் கைக்கே விட்டுவிடலாம்.

இதைவிட நல்லது, சாவி கொடுப்பதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் வந்து நாலைந்து நாள் தங்கிப் போவது. பழைய கட்டிலைத் தயவுசெய்து ஏலத்தில் விட்டுவிடாதீர்கள். 'புது வீட்டுக்குப் புது ஃபர்னிச்சர்' என்ற ஆசை பிள்ளைகளுக்கு. அப்பாவின் முதுகுக்கு அல்ல.

கட்டிலைப் போடும் திசையும் முக்கியம். முப்பது வருஷமாக ராத்திரி இடதுபக்கம் இறங்கி பாத்ரூம் போன கால், தூக்கக் கலக்கத்தில் இன்றும் இடதுபக்கம்தான் இறங்கும். அங்கே சுவரோ மேஜையோ இருந்தால் விழுந்து இடுப்பெலும்பு முறியும். முடிந்தவரை பழைய வீட்டில் இருந்த மாதிரியே கட்டிலைப் போட்டு, வழியில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

ஒன்றை மட்டும் 'புது இடம், பழகிடும்' என்று விட்டுவிடக் கூடாது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று ஆளைத் தெரியாமல் பேசினாலோ, இல்லாததைக் காட்டிப் பயந்தாலோ, பகலெல்லாம் துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சிறுநீரில் கிருமி, ரத்தத்தில் உப்புக் குறைவு, புது மாத்திரை என்று காரணம் வேறாக இருக்கலாம். வீடு மாறி எத்தனை நாள் ஆயிற்று என்பதையும், சாப்பிடும் மாத்திரைகளையும் மறக்காமல் சொல்லுங்கள்.