வேர்க்கிங் ஹொலிடே வீசா: நம் கடவுச்சீட்டுக்கு இல்லாத கதவை விற்பவர்கள்

நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களின் பின்னர், மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது பள்ளிவாசல் படியில் என் பழைய மாணவன் ஒருவன் காத்திருந்தான். அக்குறணைப் பையன். உயர்தரம் முடித்துவிட்டு கண்டி நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறான்.

"சேர், ஒரு வருசத்துக்கு அவுஸ்திரேலியா போகப் போறன். வேர்க்கிங் ஹொலிடே வீசா. பழம் பறிக்கிற வேலை, நாட்டையும் சுத்திப் பார்க்கலாம். உம்மாட நகைய அடகு வச்சி நாலரை இலட்சம் கட்டிட்டன்" என்றான்.

நான் வாழ்த்தினேன், துஆச் செய்தேன். அப்படியொரு வீசா இலங்கையருக்கு உண்டா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மூன்று மாதங்கள் கழித்து முகவரின் தொலைபேசி நின்றுபோன பிறகுதான் அவுஸ்திரேலிய உள்துறைத் திணைக்களத்தின் இணையத்தளத்தைத் திறந்து பார்த்தேன். உண்மையை அறிய இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடங்களை முதல் நாளே செலவிட்டிருந்தால், இரண்டாம் தவணைப் பணமாவது அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும். இதை எழுதுவதற்கு அந்தக் குற்ற உணர்வும் ஒரு காரணம்.

வேர்க்கிங் ஹொலிடே என்பது பொய்யான ஒன்றல்ல. அவுஸ்திரேலியா 1975 முதல் இதை நடத்தி வருகிறது. பெரும்பாலும் 18 முதல் 30 வயது வரையானவர்கள் ஒரு வருடம் தங்கி, வேலை செய்து, அந்த வருமானத்தில் நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம். முன்கூட்டியே வேலை தருபவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆனால், இது நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தின் அடிப்படையில் வழங்கப்படும் வீசா. 417, 462 என்ற இரு பிரிவுகளின் நாட்டுப் பட்டியல்களிலும் இலங்கை இல்லை. நியூசிலாந்து, ஜப்பான், கொரியா, கனடா, பிரித்தானியா ஆகியவற்றின் இதே வகைத் திட்டங்களிலும் நாம் இல்லை. 2008 வரை பிரித்தானியாவில் பொதுநலவாய நாட்டு இளைஞர்களுக்கென ஒரு திட்டம் இருந்தது. அதில் இலங்கையரும் விண்ணப்பிக்க முடிந்தது. அந்தக் கதவும் மூடப்பட்டுவிட்டது.

மோசடிக்காரனுக்கு வசதியாக இருப்பது இதுதான். அவன் காட்டும் இணையப் பக்கம் உண்மையானது, வீசாவின் பெயரும் உண்மையானது. நம் நாடு பட்டியலில் இல்லை என்ற ஒன்றை மட்டும் மறைத்துவிடுகிறான்.

நம் பிள்ளைகள் ஏன் ஏமாறுகிறார்கள்? பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் கடைகளும் வீடுகளும் எரிந்ததைப் பார்த்த சிறுவர்கள்தான் இன்று வாலிபர்கள். அடுத்த வருடம் ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு நம் சமூகம் பட்டதையும், 2022இன் பொருளாதார நெருக்கடியையும் அவர்கள் கண்டார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலைக்காக வெளிநாடு சென்றனர். கடை வைத்தால் நிலைக்குமா என்று யோசிக்கும் பிள்ளைக்கு, ஒரு வருடம் வெளியே போய் வருவது மூச்சு விடுவது போன்றது.

அந்த ஆசையை நாம் தடுக்கத் தேவையில்லை. ஆயத்தம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், எந்த நாட்டு வீசா என்றாலும் அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் இலங்கைக்கு அது உண்டா என்று பாருங்கள். அடுத்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து முகவரின் உரிமத்தை விசாரியுங்கள். உரிமம் மட்டும் போதாது. குறிப்பிட்ட அந்த வேலைக்கு ஆள் சேர்க்கவும் பணியகத்தின் அனுமதி வேண்டும். கொரிய வேலைக்கு 18 முதல் 39 வயதினரைப் பணியகம்தான் அனுப்புகிறது, இடையில் தனியார் முகவருக்கு இடமில்லை. 2019இல் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி ஜப்பானின் விசேட திறன் வீசாவும் நமக்குத் திறந்திருக்கிறது. அதற்கு மொழிப் பரீட்சையும் தொழில் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். முகவருக்குக் கொடுக்கும் இலட்சங்களில் ஒரு பகுதியை மொழி வகுப்புக்குக் கொடுத்தால், பயணம் தவறினாலும் படித்தது கையில் இருக்கும்.

சுற்றுலா வீசாவில் போய் வேலை செய்யலாம் என்பவரை நம்ப வேண்டாம். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். போலி ஆவணம் கொடுத்தால் அவுஸ்திரேலியாவில் 3 வருடங்கள் வரை வீசா மறுக்கப்படலாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியன்மாரின் மியாவடி மோசடி முகாம்களில் சிக்கிய இலங்கையரின் கதையை நாம் மறக்கக் கூடாது.

பணம் கொடுக்கும்போது எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுத்தில் வைக்கச் சொல்லும் ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். ஆனால், நம் ஆட்களின் பல இலட்சங்கள் 'நம்ம ஆள்தானே' என்ற ஒரு சொல்லில் கைமாறுகின்றன. என் மாணவனிடமும் ஒரு பற்றுச்சீட்டு இல்லை. பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனபோது முதலில் கேட்கப்பட்டது அதுதான்.

அரசாங்கத்திடமும் ஒரு கேள்வி உண்டு. 2022 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவுடன் கைச்சாத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் மூலம், இந்தியா தன் இளைஞர்களுக்கு வருடத்துக்கு 1,000 இடங்களைப் பெற்றுக்கொண்டது. இலங்கையிடம் பேரம் பேச ஒன்றுமில்லையா? படகில் வர முடியாது என்று இங்கே விளம்பரம் செய்யும் நாடு அவுஸ்திரேலியா. அந்தப் படகுகளைத் தடுக்க நம் கடற்படையும் ஒத்துழைக்கிறது. அப்படியானால் சில நூறு இளைஞர்களுக்குச் சட்டபூர்வமான வாசல் ஒன்றைத் திறந்து தாருங்கள் என்று கேட்பது நியாயமான கோரிக்கையே. கண்டி மாவட்டத்தின் முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகள் இதைப் பாராளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்.

அதுவரை நம் பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒன்று செய்யலாம். மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, இணையத்தளத்தைப் பார்த்து வாசித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். வெளிநாடு போக நினைப்பவர், பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் வரட்டும்.

என் மாணவன் மீண்டும் துணிக்கடையில் நிற்கிறான். மாலையில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறான். உம்மாவின் நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.