ஆவடி டாங்கிக்கும் அண்ணாமலை மல்லாட்டைக்கும் ஒரே வியாதி!

  பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு, போன் அடிக்கும்போதெல்லாம் பதறுகிற பெற்றோர்களே!

மல்லாட்டைக்கு விலை கேட்கிற சங்கம், ராணுவ டாங்கியைப் பற்றி எதுக்கய்யா நோட்டீஸ் போடுது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐந்து நிமிஷம் ஒதுக்கிப் படியுங்கள்.

2024 செப்டம்பர் 3ஆம் தேதி டெல்லியில் பாதுகாப்புத் துறையின் கொள்முதல் குழு கூடியது. ராணுவத்தில் இருக்கிற பழைய ரஷ்ய டி-72 டாங்கிகளுக்குப் பதிலாக அடுத்த தலைமுறை டாங்கி வேண்டும் என்று கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. 2021ல் இதற்காக ராணுவம் விவரம் கேட்டபோது சொன்ன எண்ணிக்கை 1,770. இத்தனை டாங்கி என்றால் எத்தனை ஆயிரம் கோடி ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தனையும் நாம் வாங்குகிற டீசலிலும், உர மூட்டையிலும், பூச்சிமருந்திலும் பிடிக்கிற வரிப்பணம்.

டாங்கியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. திருவண்ணாமலை, வேலூர் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைச்சல். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை மிலிட்டரிப்பேட்டை என்றே கூப்பிடுகிறார்கள். எல்லையில் நிற்பது நம்ம வீட்டுப் பிள்ளை. அவனுக்கு நல்ல டாங்கி கொடுக்க வேண்டும். யாருடைய டாங்கி, யாருடைய எஞ்சின் என்பதுதான் எங்கள் கேள்வி. இந்தியாவிலேயே தயாரிப்போம் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று ஆவடிக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

நம்ம ஊரிலிருந்து விடிகாலை பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965ல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அது இங்கிலாந்துக்காரன் வரைபடம். நாமே சொந்தமாக வடிவமைப்போம் என்று 1974ல் முடிவெடுத்து 15.5 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதுதான் அர்ஜுன். 1985ல் மாதிரி வண்டியைக் காட்டினார்கள். 124 டாங்கிக்கு ராணுவம் ஆர்டர் கொடுத்தது 2000ல். முதல் 16 டாங்கிகள் ராணுவத்தின் கைக்குப் போனது 2004ல். 1974ல் பிறந்த குழந்தைக்குக் கல்யாணமாகி, அதற்கே பிள்ளை பிறந்திருக்கும்.

தாமதத்துக்கு ஆவடி ஆராய்ச்சிக்கூடத்தின் மேலும் குற்றம் உண்டு. அதை மூடிமறைக்க மாட்டோம். 1,500 குதிரைத்திறன் எஞ்சினை நாமே செய்வோம் என்று ஆரம்பித்தார்கள். அது கைகூடவில்லை. கடைசியில் ஜெர்மன் எஞ்சினைத்தான் மாட்டினார்கள். ஆனால் ராணுவத் தலைமையும் சும்மா இருக்கவில்லை. அந்தத் துப்பாக்கி போதாது, இந்தக் கவசம் போதாது என்று தேவையை மாற்றிக்கொண்டே இருந்தது. 40 டன் வகை என்று தொடங்கிய வண்டி 58 டன் தாண்டியது. இப்போதைய மார்க்-1ஏ 68 டன். செடி பூ எடுக்கிற நேரத்தில் நிலத்துக்காரர் வந்து, இந்த விதை வேண்டாம் வேற விதை போடு என்றால் குத்தகைக்காரன் என்ன செய்வான்? மகசூல் வரவில்லை என்று அவனைத்தானே திட்டுவார்கள்!

இந்த இடைவெளியில்தான் வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வந்தது. அர்ஜுனுக்கு 124 ஆர்டர் கொடுத்த மறுவருஷமே, 2001ல், ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். தொழில்நுட்பத்தையும் கொடுப்பார்கள், பிறகு நாமே செய்துகொள்ளலாம் என்றார்கள். அந்தத் தொழில்நுட்பம் வந்து சேர வருஷக்கணக்கில் இழுத்தது, பீரங்கிக் குழாய் விஷயத்தில் முழுசாக வரவும் இல்லை. ஆனாலும் டி-90 எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிப் போனது. அர்ஜுன் 124லேயே நின்றது.

2010ல் ராஜஸ்தான் பாலைவனத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். அர்ஜுன் சளைக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. இன்னும் 124 வாங்குவோம் என்று அரசும் அதே வருஷம் சொன்னது. ஆர்டர் காகிதம் ஆவடிக்கு வந்தது எப்போது தெரியுமா? 2021 செப்டம்பர் 23! 118 டாங்கி, 7,523 கோடி ரூபாய். பதினோரு வருஷம்! அதற்குள் ஜெர்மனியில் அந்த எஞ்சின் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். மறுபடி ஆரம்பித்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். ஆவடியில் கூடு தயார், எஞ்சினுக்கு ஜெர்மனியைப் பார்த்துக் காத்துக்கிடக்க வேண்டியதாயிற்று.

அர்ஜுன் விலை அதிகம், டி-90 மலிவு என்று ஒரு வாதம் வைத்தார்கள். 124 மட்டும் செய்தால் எந்தச் சாமான்தான் மலிவாக வரும்? கால் காணிக்கு டிராக்டர் கூப்பிட்டால் என்ன வாடகை ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

இந்த இடத்தில்தான் எங்களுக்கு நம்ம மல்லாட்டை ஞாபகம் வருகிறது.

ஆவடியில் டாங்கி ஆராய்ச்சி நடக்கிற மாதிரி, பக்கத்துத் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம். அங்கே பிறந்த டி.எம்.வி. ரகங்களை நம்ம அப்பன் பாட்டன் எல்லாம் ஆடிப்பட்டத்தில் விதைத்தார்கள். 1986ல் மத்திய அரசு எண்ணெய் வித்துக்கென்று தனித் திட்டம் போட்டது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயை ஏறக்குறைய முழுசாக நம்ம விவசாயியே கொடுத்தான். செய்து காட்டினோம்! அதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1994ல் பாமாயிலுக்குக் கதவைத் திறந்தார்கள். 65 சதவீதம் என்று வைத்த இறக்குமதி வரியை 1998க்குள் 15 சதவீதமாக இறக்கினார்கள். இன்றைக்கு நாடு சாப்பிடுகிற எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல். கச்சா பாமாயிலின் அடிப்படை வரியை 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக ஏற்றினார்கள். ஒரு வருஷம் பொறுத்தார்களா? 2025 மே 30ல் பாதியாக்கி 10 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். அதாவது சரியாக நாம் ஆடிப்பட்டத்துக்கு விதை உடைக்க உட்காருகிற நேரத்தில்!

2025-26க்கு மல்லாட்டைக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டால் 7,263 ரூபாய். அந்த விலையை நம்பிக் கமிட்டிக்கு மூட்டை ஏற்றிப்போன எங்கள் ஆட்களிடம் ஈரம் என்றார்கள், சுருங்கல் காய் என்றார்கள். மூட்டையைத் திரும்ப ஏற்றினால் வண்டி வாடகை தண்டம். சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்தால் சமையலுக்கு ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட். மல்லாட்டை விளைவிக்கிறவன் வீட்டு அடுப்பிலேயே மல்லாட்டை எண்ணெய் இல்லை!

ஒரே வியாதி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இங்கே விளைவதை வாங்க பதினோரு வருஷம் யோசிப்பார்கள். வெளியிலிருந்து வருவதற்கு ஒரே கையெழுத்து.

மற்ற நாட்டைப் பாருங்கள். 1969ல் இங்கிலாந்து டாங்கி தர மறுத்தது, 1970ல் இஸ்ரேல் சொந்த டாங்கி வேலையை ஆரம்பித்தது, 1979ல் மெர்காவா ராணுவத்தில் சேர்ந்துவிட்டது. தென்கொரியாவின் கே-2 டாங்கிக்கும் நம்மை மாதிரியே எஞ்சின் தகராறு. முதல் தொகுதிக்கு ஜெர்மன் எஞ்சினை மாட்டிக்கொண்டே சொந்த எஞ்சினையும் விடாமல் செய்தார்கள். 2022ல் போலந்து நாடு அவர்களிடம் போய் டாங்கி வாங்குகிறது. நம்ம ஆவடிக்கும் சாமர்த்தியம் இல்லாமல் இல்லை. லடாக் மலைக்கென்று வடிவமைத்த 25 டன் இலகு டாங்கி ஜொராவரை 2024 ஜூலையில் ஓட்டிக் காட்டினார்கள். நாலைந்து வருஷத்துக்குள் நடந்த வேலை அது. என்ன, அதிலும் எஞ்சின் அமெரிக்காக்காரனுடையது.

1,500 குதிரைத்திறன் சொந்த எஞ்சினை 2024 மார்ச்சில் மைசூருவில் முதல் தடவை உயிர்ப்பித்துப் பார்த்திருக்கிறார்கள். இனிமேல்தான் எங்களுக்குப் பயம். இன்னும் சோதனை முடியவில்லை, அவசரத்துக்கு வெளிநாட்டில் கொஞ்சம் வாங்குவோம் என்று ஒரு ஃபைல் நகரும். அந்தக் கொஞ்சம் ஆயிரமாகும். 2022 முதல் உக்ரைனில் சின்ன டிரோன்கள் பெரிய பெரிய டாங்கிகளைக் கொளுத்திப் போட்டதைப் பார்த்தோமே, அந்த மாதிரி புது ஆபத்துக்குத் தகுந்தபடி வண்டியை மாற்ற வேண்டும் என்றால், வரைபடம் நம்ம கையில் இருந்தால்தானே முடியும்? அடுத்தவன் பூட்டுக்கு நாம் எப்படிச் சாவி செய்வது?

மத்திய அரசே! 1,770 டாங்கியும் இங்கே வடிவமைத்ததாக இருக்கட்டும், எஞ்சின் உள்பட. எத்தனை வாங்குவோம், எந்த வருஷம் வாங்குவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடு. நடுவில் தேவையை மாற்றாதே. அதே நியாயத்தை எங்களுக்கும் செய். பாமாயில் வரியை விதைப்பு நேரத்தில் குறைக்காதே, ஆதரவு விலைக்குக் கமிட்டியிலேயே கொள்முதல் செய். மாநில அரசே! ரேஷனில் பாமாயிலை நிறுத்து, நம்ம செக்கு மல்லாட்டை எண்ணெயைப் போடு.

வரும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள். சேத்துப்பட்டு, போளூர், கலசபாக்கம், செங்கம், தண்டராம்பட்டு, வேட்டவலம் பக்கத்து ஆட்கள் காலை 9 மணிக்கே வாசலில் கூடிவிடுங்கள். வீட்டுக்கு ஒரு படி மல்லாட்டை, ஒரு காலிப் பாமாயில் பாக்கெட் எடுத்து வாருங்கள். இரண்டையும் சேர்த்தே மனுவாகக் கொடுப்போம். ஓய்வு பெற்ற ராணுவ வீரர்கள் அவசியம் வரவேண்டும், முன்வரிசை உங்களுக்குத்தான்.

ஆவடிக்கு ஆர்டர் கொடு!
மல்லாட்டைக்கு விலை கொடு!

இவண்,
விவசாயிகள் சங்கத்தினர், திருவண்ணாமலை