"நம்பர் சொல்லுங்க!" - பில் கவுன்ட்டரில் இனி 'எதுக்கு?' என்று கேட்கலாமா?

துணிக்கடை, மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட், சலூன்... எங்கே பில் போடப் போனாலும் பொருளை ஸ்கேன் செய்வதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "நம்பர் சொல்லுங்க!" நாமும் பத்து இலக்கத்தையும் கடகடவென ஒப்பித்துவிடுவோம், வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. முன்பின் தெரியாதவர் பெயரைக் கேட்டால் ஒரு நொடி யோசிப்பவர்கள்கூட, கடையில் நம்பரைக் கேட்டால் யோசிப்பதில்லை.

"நம்பர்தானே பாஸ், அதுல என்ன இருக்கு?" என்று கேட்கிறீர்களா? உங்கள் பேங்க் அக்கவுன்ட், யு.பி.ஐ, ஆதார், வாட்ஸ்அப், சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப் எல்லாம் தொங்குவது அந்த ஒரே நம்பரில்தான். உங்கள் பெயரில் ஊரில் இன்னும் பத்துப் பேர் இருக்கலாம். உங்கள் நம்பர் உங்களுக்கு மட்டும்தான். மருந்துக்கடைக்கு நீங்கள் வாங்கும் சுகர் மாத்திரை தெரியும். துணிக்கடைக்கு உங்கள் சைஸ் தெரியும். டெலிவரி ஆப்புக்கு உங்கள் வீட்டு வாசல் தெரியும். தனித்தனியாக இதில் பெரிய ரகசியம் இல்லை. நம்பரை நூலாக வைத்துக் கோத்தால், உங்கள் ஜாதகமே கிடைத்துவிடும்.

சட்டம் வந்த கதை

2017 ஆகஸ்ட் 24-ம் தேதி, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, 'தனியுரிமை என்பது அடிப்படை உரிமை' என்றார்கள். அடுத்த ஆண்டே நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி அறிக்கை கொடுத்தது. 2019-ல் வந்த மசோதாவை 2022-ல் அரசே வாபஸ் வாங்கியது. ஒருவழியாக 2023 ஆகஸ்ட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிமுறைகள் வெளியானது 2025 நவம்பரில்தான். அதிலும் கம்பெனிகளுக்கு 18 மாதம் டைம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது முக்கியமான பிரிவுகள் முழுமையாக அமலுக்கு வருவது 2027 மே மாதம்!

உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

* என்ன தகவல் எடுக்கிறார்கள், எதற்காக எடுக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே எளிமையாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் நீட்டி முழக்கினால் போதாது. நீங்கள் கேட்டால் தமிழிலும் தந்தாக வேண்டும்.

* வேலைக்குத் தேவையானதை மட்டுமே கேட்க வேண்டும். சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கும் ஆப் ஒன்று, உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்கிறது. நீங்கள் 'ஓகே' அழுத்திவிட்டாலும் அந்தச் சம்மதம் கான்டாக்ட் லிஸ்ட்டுக்குச் செல்லாது. வைத்தியத்துக்கு அது எதற்கு?

* சம்மதம் கொடுப்பது எவ்வளவு ஈஸியோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு ஈஸியாக இருக்க வேண்டும். சேர ஒரு க்ளிக், விலக ஒன்பது பக்கம் என்ற விளையாட்டு இனி செல்லாது.

* தகவல் கசிந்தால் உங்களிடம் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

பில் கவுன்ட்டர் கதைக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. மருந்துக்கடையில் பொருள் வாங்கிய ஒருவர், ரசீதை மெசேஜில் அனுப்பச் சொல்லித் தானாகவே நம்பர் கொடுக்கிறார். கடை அந்த நம்பரை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். உதாரணம் அதோடு முடிகிறது. ரசீதுக்காக வாங்கிய நம்பருக்குத் தீபாவளி ஆஃபர் அனுப்ப வேண்டுமென்றால், அதற்குத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

இங்கேதான் ஒரு 'ஆனால்'

இத்தனை வருடமாக நாம் வாரி வழங்கிய நம்பர்கள் என்ன ஆகும்? பழைய சம்மதத்தோடு வாங்கிய தகவல்களுக்கு, கம்பெனிகள் ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதன்பிறகு நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்லும்வரை அவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம். அதாவது, நீங்கள் சும்மா இருந்தால் அதுவே சம்மதம் மாதிரி ஆகிவிடும். குவிந்து கிடக்கும் ப்ரமோஷன் மெசேஜ்களுக்கு நடுவே வரப்போகும் அந்த நோட்டீஸைப் படிக்காமல் ஸ்வைப் செய்யப்போகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து, அந்த 250 கோடி அபராதத்தில் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. மொத்தமும் அரசுக் கருவூலத்துக்குத்தான். கவனக்குறைவால் தகவல் கசிந்து நஷ்டமானால், ஐ.டி சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்க ஒரு வழி இருந்தது. புதிய சட்டம் முழுமையாக வரும்போது அந்தப் பிரிவு நீக்கப்படுகிறது. உங்கள் தகவலை வைத்து யாரோ உங்களை ஏமாற்றினால், கம்பெனி அரசுக்கு அபராதம் கட்டும். உங்கள் அக்கவுன்ட்டில் போன காசு போனதுதானா? இந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, பொய்ப் புகார் கொடுத்தால் உங்களுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி, எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு விலக்கு அளிக்க முடியும். புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் அதே மத்திய அரசுதான். கம்பெனிகளைக் கேள்வி கேட்கும் சட்டம், அரசைக் கேள்வி கேட்கும் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது என்ற விமர்சனம் எழுவது இதனால்தான்.

2027 வரை காத்திருக்கணுமா?

வேண்டியதில்லை. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்திவிட்டது. அதனால் கவுன்ட்டரில் சிரித்த முகத்தோடு, "நம்பர் வேண்டாங்க, பேப்பர் பில் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். அங்கே நிற்கும் தம்பியோ தங்கையோ மேலிடம் சொன்னதைத்தான் செய்கிறார்கள், அவர்களிடம் சண்டை வேண்டாம். கடை நிர்வாகம் பிடிவாதம் பிடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். ப்ரமோஷன் மெசேஜ் தொல்லைக்கு 1909.

இன்று இரவு ரீல்ஸுக்குப் போவதற்கு முன் ஒரு ஐந்து நிமிடம். போன் செட்டிங்ஸில் 'பெர்மிஷன்ஸ்' பகுதியைத் திறந்து, எந்தெந்த ஆப் உங்கள் கான்டாக்ட்ஸைப் பார்க்கிறது என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு உங்கள் மாமா நம்பர் எதற்கு? ஆஃப் செய்துவிடுங்கள். உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டில் இருப்பது உங்கள் தகவல் மட்டுமல்ல. உங்களை நம்பி நம்பர் கொடுத்த அத்தனை பேரின் தகவலும்தான்.